ரிங் ஃபிட் ஆடினால் உடற்பயிற்சிக் கணக்கில் வருமா? வீட்டில் கேம் வைத்துப் பயிற்சி செய்பவர்கள் சொல்லுங்கள்

கொடிமல்லி | ஜூலை 6, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பகுதியை ரொம்ப நாளாகப் படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 43. சென்னை வேளச்சேரியில் இரண்டாவது மாடி. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை அளவு) 6.1 வந்தது, நீரிழிவுக்கு முந்தைய நிலை. மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. "தினமும் நடங்க, வாரத்துக்கு ரெண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்க, மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்" என்றார்.

நடக்கத்தான் வழியில்லை. காலையில் சமையல், பையனைப் பள்ளிக்கு அனுப்புவது, ஒன்பதரைக்கு வேலையில் உட்கார வேண்டும். சாயங்காலம் இறங்கினால் எங்கள் தெருவில் நடைபாதையே கிடையாது. பைக்குகள் உரசிக்கொண்டு போகின்றன, முனையில் நாலு நாய். மழைக்காலத்தில் எங்கள் பகுதி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஜிம்முக்கு ஒரு வருடப் பணம் கட்டி எண்ணிப் பதினோரு நாள் போனேன். அந்தப் பணம் இன்னும் மனதை அறுக்கிறது.

தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தவன் தன் பழைய நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவியையும், வளையத்தைக் கையில் பிடித்துத் தொடையில் பட்டை கட்டி ஆடும் ரிங் ஃபிட் அட்வெஞ்சர் பெட்டியையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். "அக்கா, தினமும் அரை மணி நேரம் ஆடு, போதும்" என்கிறான். நேற்று போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் புடவைத் தலைப்பு நனைகிற அளவுக்கு வியர்வை. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. இது நிஜமாகவே நடைக்குச் சமமா? நான்கு நாளில் சலித்துவிடுமா? ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் ஆடியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தெற்குவாசல் | ஜூலை 6, இரவு 11.15

விடாமல் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன் சகோதரி. 2020 ஊரடங்கில் ஆரம்பித்தேன். அப்போது உலகம் முழுக்க இதற்குத் தட்டுப்பாடு, சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் வாரம் நான்கு நாள் ஆடுகிறேன்.

இது நடையைப் போன்றதல்ல, அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேமின் கதையில் ஓடுவது ஒரு பங்குதான். எதிரி வந்தால் குந்தி எழ வேண்டும், வளையத்தைத் தலைக்கு மேல் தூக்கி அழுத்த வேண்டும், படுத்துக் காலைத் தூக்க வேண்டும். கைக்கான பயிற்சி சிவப்பு, வயிற்றுக்கு மஞ்சள், காலுக்கு நீலம், யோகாவுக்குப் பச்சை. நீல எதிரியை நீலப் பயிற்சியால் அடித்தால் அடி பலமாக விழும். அதனால் நமக்குப் பிடித்ததை மட்டும் செய்துவிட்டுத் தப்பிக்க முடியாது. எனக்குக் குந்தி எழுவது அறவே பிடிக்காது. இந்த நிறக்கணக்கு இல்லாவிட்டால் ஐந்து வருடத்தில் ஒருமுறைகூடச் செய்திருக்க மாட்டேன்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, திரையில் காட்டுகிற பயிற்சி நேரம் நீங்கள் உண்மையில் அசைந்த நேரம் மட்டும். 20 நிமிடம் என்று காட்டினால் கடிகாரத்தில் 35, 40 ஆகியிருக்கும். தம்பி சொன்ன அரை மணி நேரம் எந்த அரை மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, கடின அளவு 30 வரை உண்டு. அவ்வப்போது "இன்று எப்படி இருந்தது" என்று கேட்கும். உண்மையைச் சொல்லுங்கள். நான் முதல் ஆறு மாதம் 14ஐத் தாண்டவே இல்லை, உடம்பிலும் ஒரு மாற்றமும் இல்லை. இப்போது 26ல் இருக்கிறேன்.

காலைநடை | ஜூலை 7, காலை 6.50

அம்மா, மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். எனக்கு 66 வயது, மதுரை. இருபது வருடமாக வைகைக் கரையோரம் நடக்கிறேன், வீட்டில் பன்னிரண்டு சூரிய நமஸ்காரம். ஒரு ரூபாய் செலவில்லை. ஏற்கெனவே எட்டு மணி நேரம் கணினித் திரை பார்க்கிறீர்கள். பயிற்சிக்கும் இன்னொரு திரையா? வெயில் படவேண்டும், நாலு மனிதரைப் பார்க்க வேண்டும். மொட்டை மாடி இருந்தால் அங்கே நடக்கலாமே.

கொடிமல்லி | ஜூலை 7, மதியம் 1.20

காலைநடை ஐயா, தவறாக நினைக்கவே இல்லை. மொட்டை மாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்ய மட்டும் திறப்பார்கள். சங்கத்தில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் நடக்கவில்லை. சூரிய நமஸ்காரம் முயன்றிருக்கிறேன். யாரும் கேட்காவிட்டால் மூன்றாம் நாள் விட்டுவிடுகிறேன், அதுதான் என் பிரச்சினை.

இயன்முறை | ஜூலை 7, இரவு 8.05

இயன்முறை மருத்துவராகப் பதினான்கு வருடம் வேலை பார்க்கிறேன், சேலம். சகோதரி கேட்ட "நடைக்குச் சமமா" என்பதற்கு எண்ணோடு பதில் சொல்ல முடியும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை 1 என்று வைத்து மற்ற வேலைகளை அதன் மடங்காகச் சொல்வார்கள். இந்த அளவுக்கு மெட் என்று பெயர். 2011ல் வெளியான உடலியக்கத் தொகுப்பில் அசைந்து ஆடும் வீடியோ கேம்களுக்கே தனி வரிசை இருக்கிறது. சமநிலை, யோகா வகை ஆட்டங்களுக்கு 2.3. ஏரோபிக், தசைப் பயிற்சி வகைக்கு 3.8. நடனப் பலகையில் ஆடுகிற டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் போன்ற கடும் ஆட்டத்துக்கு 7.2. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது சுமார் 3.5. மிதமான உழைப்பு என்றால் 3 முதல் 6 வரை.

ஆக, எந்தக் கேம், அதை எப்படி ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் அசைத்து டென்னிஸ் கேம் ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கணக்கில் வராது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் வரும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. உங்கள் மருத்துவர் சொன்னதும் அதுதான். நடையில் அந்த இரண்டாவது பாதி கிடைக்காது. சர்க்கரையைப் பெருமளவு எடுத்துக்கொள்வது தசைதான், அதிலும் தொடையும் பின்புறமும் பெரிய தசைகள். குந்தி எழ வைக்கிற எதையும் நான் வரவேற்பேன்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2007ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கடிதம் வந்தது. 29 வயது மருத்துவர் ஒருவர் கையசைவால் ஆடும் நின்டெண்டோ வீ என்ற கேம் கருவியில் பல மணி நேரம் டென்னிஸ் ஆடிவிட்டுத் தூங்கி, தோள்பட்டை வலியோடு எழுந்திருக்கிறார். தசைநாண் அழற்சி. நிஜ டென்னிஸில் மட்டையின் கனமும் பந்தின் அடியும் நம்மைச் சீக்கிரம் களைக்க வைக்கும், கேமில் அந்தத் தடை இல்லை. முதல் இரண்டு வாரம் உற்சாகத்தில் ஒரு மணி நேரம் ஆடாதீர்கள்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் தாழ்சர்க்கரை பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு குதிக்கவே கூடாது.

பனிவீடு | ஜூலை 8, காலை 7.30

கனடாவின் ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். காலைநடை ஐயா சொன்ன வெயிலும் நாலு மனிதரும் எங்களுக்கு ஏப்ரலுக்குப் பிறகுதான். நவம்பரில் இருந்து மார்ச் வரை சரியான குளிர், நடைபாதையில் ஐஸ். போன மாரியில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது.

என் அம்மாவுக்கு 71. எங்கள் பேஸ்மென்டில் பழைய நின்டெண்டோ வீயும், ஏறி நின்று ஆடுகிற வீ ஃபிட் பலகையும் இருக்கின்றன. வீ ஃபிட் ஆட்டம் ஜப்பானில் 2007 டிசம்பரில் வந்தது. தினமும் வீட்டில் எடை பார்க்கிற பழக்கத்தில் இருந்துதான் நின்டெண்டோவின் கேம் வடிவமைப்பாளர் மியமோட்டோவுக்கு இதற்கான யோசனை பிறந்தது என்பார்கள். பலகையின் நாலு மூலையிலும் எடை உணரிகள், 150 கிலோ வரை தாங்கும். நீங்கள் நேராக நிற்கிறீர்களா, ஒரு பக்கம் சாய்கிறீர்களா என்று திரையில் ஒரு சிவப்புப் புள்ளி காட்டும்.

அம்மா எப்போதும் வலப்பக்கம் சாய்ந்துதான் நிற்பார். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. இடது முழங்கால் நோவை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். அந்தப் புள்ளி ஒவ்வொரு நாளும் வலப்பக்கமே போய் நின்றதைப் பார்த்துத்தான் டொக்டரிடம் கூட்டிப் போனோம். இதற்காகவே அந்தப் பலகையை நான் எறிய மாட்டேன். பக்கத்தில் கனமான கதிரை (நாற்காலி) ஒன்றை எப்போதும் வைத்திருப்போம், பிடித்துக்கொள்ள.

அது சொல்கிற பிஎம்ஐயை (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) மட்டும் அப்படியே எடுக்க வேண்டாம். நம் தெற்காசிய உடம்புக்கு 23லேயே அதிக எடை, 25ல் உடல்பருமன் என்று இந்திய மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். கேம் 25 வரை சரி என்று சொல்லும்.

நிலாமுற்றம் | ஜூலை 8, மாலை 4.10

குழந்தைகளுக்கு இது சரிவருமா? பையனுக்கு 10 வயது. ஸ்விட்ச் கேட்டு அடம். "இதுல எக்ஸர்சைஸ் இருக்கும்மா" என்று இந்த இழையையே காட்டுகிறான். கோயம்புத்தூரில் விளையாட இடம் இல்லாமல் இல்லை, வீட்டுக்குப் பின்னாலேயே மைதானம்.

இயன்முறை | ஜூலை 8, இரவு 9.00

மைதானம் இருந்தால் மைதானம்தான் சகோதரி, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் பேலர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு வீ கொடுத்து 13 வாரம் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அசைந்து ஆடும் கேம், பாதிப் பேருக்கு உட்கார்ந்து ஆடும் கேம். உடலில் அசைவுமானி கட்டி அளந்தார்கள். 2012ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் முடிவு வந்தது. இரு குழுவின் அன்றாட அசைவிலும் வித்தியாசம் இல்லை. யாரும் "இத்தனை நிமிடம் ஆடு" என்று சொல்லாமல் பெட்டியை மட்டும் கொடுத்தால் நடப்பது அதுதான். பிள்ளைகளுக்குத் தினம் சராசரி 60 நிமிடம் வேண்டும்.

பனிவீடு | ஜூலை 8, இரவு 11.50

பெட்டியை மட்டும் கொடுத்தால் போதாது என்பது சரிதான். அதே அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் 2006ல் தன் 765 அரசுப் பள்ளிகளிலும் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனை உடற்கல்வியில் சேர்க்கப் போவதாக அறிவித்தது. அங்கே நேரம் குறித்து, ஆசிரியர் பக்கத்தில் நின்று செய்ய வைப்பார். பந்தைக் கண்டால் ஒதுங்குகிற பிள்ளைகள் உண்டு, என் மகள் அப்படித்தான். அவளோடு நானும் சேர்ந்து ஆடினால் முக்கால் மணி நேரம் ஆடுவாள். நான் எழுந்து போனால் ஐந்து நிமிடத்தில் அவளும் உட்கார்ந்துவிடுவாள்.

கொடிமல்லி | ஜூலை 13, இரவு 10.05

ஒரு வாரம் ஆயிற்று, ஐந்து நாள் ஆடினேன். மூன்று பிரச்சினைகள். தொடைப் பட்டை நழுவிக்கொண்டே இருக்கிறது, நான் நின்ற இடத்திலேயே ஓடினாலும் திரையில் உருவம் ஓடாமல் நிற்கிறது. கீழ்வீட்டு அம்மா வந்து "மேல மாவு இடிக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டார். வலது முழங்காலில் டொக்கு டொக்கென்று ஒரு சத்தம்.

தெற்குவாசல் | ஜூலை 13, இரவு 11.30

பட்டை: நைட்டி மேலோ சல்வார் மேலோ கட்டினால் நிற்காது. ஒட்டினாற்போல் இருக்கும் டிராக் பேன்ட் போட்டு, இடது தொடையின் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இறுக்கத்தில் கட்டுங்கள். வியர்வை ஊறினால் வழுக்கும், கையால் துவைத்துக் காயப் போடலாம்.

சத்தம்: அமைப்பில் சத்தமில்லா முறை இருக்கிறது. அதைப் போட்டால் ஓடுவதற்குப் பதில் முழங்காலை லேசாக மடக்கி மடக்கி நிமிர்ந்தால் போதும், கேம் அதையே ஓட்டமாக எடுத்துக்கொள்ளும். நான் இருப்பதும் அடுக்கு வீடுதான், ஐந்து வருடமாக இப்படியே ஆடுகிறேன். தொடை எரிகிற எரிச்சலில் ஓட்டமே தேவலை என்று தோன்றும். கோரைப்பாய் டைல்ஸில் சறுக்கும், அடியில் ரப்பர் உள்ள தடித்த யோகா விரிப்பு வாங்குங்கள்.

இன்னொன்று, ரொம்ப முக்கியம். மின்விசிறி. வளையத்தைத் தலைக்கு மேல் தூக்குகிற பயிற்சிகள் நிறைய. நேர் கீழே நின்று ஆடாதீர்கள். விசிறி இறக்கையில் வளையம் பட்டு என் மணிக்கட்டு பத்து நாள் வீங்கியிருந்தது.

இயன்முறை | ஜூலை 14, காலை 7.15

வலியில்லாத சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். வலி, வீக்கம், கால் மடங்கிப்போவது இவற்றில் ஏதாவது இருந்தால் நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள். குந்தும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று ஒருமுறை கைபேசியில் முன்னாலிருந்து படம் எடுத்துப் பாருங்கள். கேமுக்குத் தெரிவது உங்கள் தொடையின் கோணமும் வளையத்தின் அசைவும் அழுத்தமும் மட்டும்தான். முதுகு வளைவதோ முழங்கால் உள்ளே போவதோ அதற்குத் தெரியாது. எண் கூடுகிறதே என்று தவறான நிலையில் நூறு முறை செய்துவிடுவார்கள். என்னிடம் வருகிறவர்களிடம் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

மஞ்சள்பை | ஜூலை 14, இரவு 8.40

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, கிடைப்பதெல்லாம் வெளியிலிருந்து வருபவை, உத்தரவாதம் விற்பவர் கையில். நான் ஓர் இணைய விற்பனையாளரிடம் வளையத்தை மட்டும் தனியாக வாங்கி ஏமாந்தேன். பார்க்க அதேபோல் இருந்தது, உள்ளே அழுத்தத்தை அளக்கும் உணரி இல்லை. வெறும் பிளாஸ்டிக். பணமும் திரும்பவில்லை. பெட்டியாகவே வாங்குங்கள், கடையிலேயே மாட்டி அழுத்திப் பாருங்கள்.

ஸ்விட்ச் லைட் (கையில் பிடித்தே ஆடும் சிறிய வகை) வைத்திருப்பவர்கள், வளையத்திலும் பட்டையிலும் மாட்டுகிற ஜாய்கான் என்ற கைக்கருவியைத் தனியாக வாங்க வேண்டும், தொலைக்காட்சியிலும் இணைக்க முடியாது. ஸ்விட்ச் 2 வாங்கினாலும் பழைய ஸ்விட்ச்சின் ஜாய்கான்தான் வளையத்தில் பொருந்தும்.

இவ்வளவு செலவு முடியாது என்றால் கைபேசியையே கையில் பிடித்து ஆடும் நடனக் கேம்கள் இருக்கின்றன. அதுவும் வேண்டாமென்றால் பாட்டைப் போட்டு ஆடலாம். சென்னை மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையே இளம்பெண்களுக்காகத் தாண்டவ் என்ற பெயரில் சில நிமிடத் தீவிர நடனப் பயிற்சி ஒன்றை வடிவமைத்திருக்கிறது.

கொடிமல்லி | ஆகஸ்ட் 24, இரவு 9.30

ஏழு வாரம் ஆயிற்று.

மொத்தம் 31 நாள் ஆடியிருக்கிறேன். நடுவில் காய்ச்சலில் எட்டு நாள் போயிற்று. திரும்பி வந்ததும் கேம் விட்ட இடத்திலேயே காத்திருந்தது, ஜிம்மில் இந்த இடத்தில்தான் நான் நின்றுபோனேன். கடின அளவு 9ல் தொடங்கி 15. எடை ஒரு கிலோ மட்டும் குறைந்திருக்கிறது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஹெச்பிஏ1சி அடுத்த மாதம்தான் எடுக்கணும், அதனால் அதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன்.

மாறியது எது என்றால், போன செவ்வாய்க்கிழமை லிஃப்ட் வேலை செய்யவில்லை. கையில் பத்துக் கிலோ அரிசிப் பை. இரண்டு மாடி ஏறி, கதவைத் திறந்து, பையை அடுப்படியில் வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் நடுவில் எங்கும் நிற்கவில்லை என்பது உறைத்தது. முன்பு முதல் மாடித் திருப்பத்தில் பையைக் கீழே வைத்துச் சுவரைப் பிடித்து நிற்பேன்.

இரவு ஏழரைக்குப் பையன் தானாகவே மேசையை ஓரமாகத் தள்ளி விரிப்பைப் போட்டு விடுகிறான். "அம்மா, டிராகன் இன்னும் சாகலை" என்கிறான். கேமில் வில்லனாக வரும் அந்த உடற்கட்டு டிராகனை யார் வரைந்தார்களோ, அவர்களுக்கு என் நன்றி. சலிப்பு வந்தது, நான்காவது வாரம். கேமின் அடுத்த உலகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில்தான் அதைத் தாண்டினேன்.

காலைநடை ஐயா, ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வேளச்சேரி ஏரிக்கரைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருக்கிறேன். நீங்கள் சொன்ன வெயிலுக்காக.

காலைநடை | ஆகஸ்ட் 25, காலை 6.30

படித்து மனம் நிறைந்தது அம்மா. நான் முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். என் மனைவிக்கு 63. மூட்டுவலி என்று வெளியே வருவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. எத்தனை கூப்பிட்டும் வருவதில்லை, அந்தக் கவலை எனக்கு உண்டு. புடவைதான் கட்டுவாள். ஆங்கிலமும் வாசிக்கத் தெரியாது. அவளுக்கு இது ஆகுமா?

இயன்முறை | ஆகஸ்ட் 25, மதியம் 2.00

முதலில் மூட்டை ஒருமுறை நேரில் காட்டுங்கள் ஐயா. பிறகு உட்கார்ந்து செய்கிற கைப்பயிற்சியில் தொடங்கலாம். முழங்கால், முதுகு, தோள் இவற்றைச் சிரமப்படுத்தாமல் தாண்டிப்போக கேமில் உதவி அமைப்பும் இருக்கிறது.

கொடிமல்லி | ஆகஸ்ட் 25, இரவு 9.50

ஐயா, என் மாமியார் செய்வதைச் சொல்கிறேன், அவருக்கும் புடவைதான், 70 வயது. தொடைப் பட்டை புடவை மேல் வேலை செய்யாது, அதனால் அதை விட்டுவிட்டோம். வளையத்தை மட்டும் கையில் கொடுத்துவிடுவேன். கேம் ஓடாமலேயே அழுத்துவதை வளையம் தானாக எண்ணிக்கொள்ளும், ஒரு நாளைக்கு 500 வரை. தொலைக்காட்சியில் அவர் தொடரைப் பார்த்துக்கொண்டே ஊஞ்சலில் உட்கார்ந்து அழுத்துவார். விளம்பரம் வந்தால் கையை மேலே தூக்கி அழுத்துவார், அது அவரே கண்டுபிடித்தது. ராத்திரி பேரனைக் கூப்பிட்டு எவ்வளவு என்று பார்க்கச் சொல்வார். ஆரம்பத்தில் 40, நேற்று 210.